நீலமாக மாறிய பெயர்

சென்ற வாரம் பொன்னுதுரை கையில் போனைப் பிடித்தபடி வாசலில் நின்றார் அல்லவா? அந்த வீடு இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. நகர யாருக்கும் மனம் வரவில்லை.

மறந்துபோனவர்களுக்காக நாலு வரி. பொன்னுதுரைக்கும் கமலவேணிக்கும் கோகிலா மூத்தவள். தியாகு ஒரே மகன். படிப்பைப் பாதியில் விட்டவன், வேலைக்கும் போகாமல் கம்ப்யூட்டரே கதி என்று கிடந்தவன். ஒருநாள் மகன் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அவன் விளையாடுகிற தளத்தை, ஸ்டீம் என்பார்களே, அதைக் கம்ப்யூட்டரிலிருந்தே நீக்கிவிட்டார் பொன்னுதுரை. திரும்பி வந்த பையன் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். மூன்று வாரமாகிறது. போன் அணைந்தே கிடக்கிறது.

போலீஸிலிருந்து வந்த அழைப்பு இதுதான்: மலாக்காவில் கிளேபாங் கடற்கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது, இந்தியப் பையன் மாதிரி தெரிகிறது, ஆஸ்பத்திரிக்கு வந்து பாருங்கள்.

அன்று சுதந்திர தினம். அவர்கள் குடியிருக்கும் காஜா பெராங் தெருவில் பாதி வீடுகளின் வாசலில் கொடி. பக்கத்து வீட்டு டிவியில் அணிவகுப்பு மேளம் அதிர்ந்தது. கமலவேணியின் அண்ணன் கலியாணசுந்தரம் புக்கிட் காதில் பகுதியிலிருந்து காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். காரின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கொடிகள் படபடத்தன. இறங்கிய பிறகுதான் அவருக்கே அது உறைத்தது.

"கழட்டிடவா மச்சான்?"

"இருக்கட்டும். அது என்ன பண்ணுச்சு" என்றார் பொன்னுதுரை.

கமலவேணி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வரேன்."

"நீ வேணாம் வேணி."

"பெத்தவ நான். எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுமா?"

"அதனாலதான் வேணாங்கிறேன்."

 கமலவேணி செருப்பைக் கழற்றவில்லை. கார் போன பிறகும் அதைப் போட்டபடியே சமையலறைக்குப் போய், கங்கோங் கீரையை ஆய ஆரம்பித்தாள். இலையைக் குப்பைக்கும் தண்டைச் சட்டிக்குமாகப் போட்டுக்கொண்டிருந்ததைக் கோகிலா பார்த்தாள். திருத்தவில்லை.

"மா, கொஞ்சமாவது பசியாறு. ரொட்டி இருக்கு."

"அவங்க வரட்டும்."

கிளினிக்கில் வேலை பார்க்கிற பெண் கோகிலா. நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் பக்குவமாகப் பேசத் தெரிந்தவள். தன் அம்மாவிடம் என்ன பேசுவதென்று மட்டும் தெரியவில்லை. பேசாமல் தியாகுவின் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டாள்.

அவள் மனதில் ஓர் எண்ணம் இருந்தது. அதை அம்மாவிடம் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. சொன்னால் அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். பிறகு அது ஒன்றுமில்லை என்று ஆனால்?

எண்ணம் இதுதான். தியாகு எங்கே இருந்தாலும் அவன் கை சும்மா இருக்காது. எவன் வீட்டிலாவது உட்கார்ந்து விளையாடத்தான் செய்வான். எங்கிருந்து விளையாடினாலும், எந்த விளையாட்டை என்றைக்குக் கடைசியாக விளையாடினான் என்பது அவன் கணக்கில் பதிந்துவிடும். அவன் வீட்டை விட்டுப் போன பிறகு ஒரே ஒரு தேதி அதில் இருந்தால் போதும். ஆஸ்பத்திரியில் கிடப்பது வேறு யாரோ.

பார்ப்பதற்கு முதலில் அப்பா நீக்கியதைத் திரும்பப் போட வேண்டும்.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். தியாகு அதில் விண்டோஸ் வைத்திருக்கவில்லை, லினக்ஸ். "கிழட்டு மெஷின் கா, இதுக்கு இதான் தாங்கும்" என்பான். ஒன்றை நிறுவ வேண்டுமென்றால் ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து கட்டளை எழுதுவான். கோகிலா எத்தனையோ தடவை காப்பி டம்ளரோடு பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். என்ன எழுதுவான் என்றுதான் நினைவில்லை.

பெட்டி திறந்தது. ஒரு வரி, அதன் முனையில் சிமிட்டுகிற ஒரு கட்டம். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளைகள் திரும்பி வரும் என்பது ஞாபகம் வந்தது. அழுத்தினாள்.

தம்பி எழுதியவை ஒவ்வொன்றாக வந்தன. எதையோ புதுப்பித்தது. எந்தக் கோப்பையோ தேடியது. ஓரிடத்தில் எழுத்துப் பிழையோடு ஒரு கட்டளை, அடுத்து அதையே சரியாக. அவசரக் குடுக்கை. கோகிலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இன்னும் மேலே போனாள். முதன்முதலாக ஸ்டீமைப் போட அவன் எழுதிய அந்த ஒரு வரி வந்து நின்றது. அவள் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அவன் எழுதியது. அவள் தட்டியது என்டர் மட்டும்.

கடவுச்சொல் கேட்டது. வீட்டுக்கே தெரிந்த கடவுச்சொல்தான், வைஃபைக்கும் அதுதான். அதை வைத்துத்தான் அப்பாவும் அன்றைக்கு நீக்கினார். அடிக்க அடிக்கத் திரையில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. தப்போ என்று பயந்தாள். தப்பில்லை, இந்தப் பெட்டியில் கடவுச்சொல் அப்படித்தான், கண்ணில் காட்டாது. வரிகள் கடகடவென்று ஓட ஆரம்பித்தன. நடுவில் நிபந்தனைகளைக் காட்டிச் சம்மதமா என்று ஒரு கட்டம் கேட்டது. அதில் ஒரு வரியைக்கூட அவள் படிக்கவில்லை. சம்மதம்.

"கோகிலா, அப்பா போன் பண்ணாரா?" சமையலறையிலிருந்து குரல்.

"இல்லம்மா."

நிறுவி முடிந்ததும் தளம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஒரு பட்டை நத்தை மாதிரி நிறைந்தது. அந்த நேரத்தில் அப்பா எந்தக் கதவின் முன்னால் நின்றுகொண்டிருப்பார் என்று யோசிக்கக் கூடாதென்று யோசித்துக்கொண்டே இருந்தாள்.

கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் தொலைந்தது என்று பயந்தாள். கேட்கவில்லை. அப்பா நீக்கியது தளத்தைத்தான். தம்பியின் சொந்தக் கோப்புகள் ஒரு மூலையில் அப்படியே கிடந்திருக்கின்றன. திரையில் ஒரே ஒரு படம் வந்தது, கோபமான ஒரு யானை. அடியில் பெயர், காஜா பெராங், மலாயில் கோபக்கார யானை. தெருப் பெயரையே தன் விளையாட்டுப் பெயராக வைத்துக்கொண்டவன். அதைத் தொட்டாள். கதவு திறந்துவிட்டது.

விளையாட்டுகளின் பட்டியல் இருந்தது. அவன் உயிரை விடுகிற கால்பந்து விளையாட்டைத் தேடித் தொட்டாள். கடைசியாக விளையாடியது என்ற இடத்தில் தேதி இருந்தது. அப்பா நீக்கிய அதே நாள்.

அடுத்ததைத் தொட்டாள். அதற்கு முந்திய வாரம். அடுத்தது. அதற்கும் முந்தியது. ஒன்று விடாமல் பார்த்தாள். வீட்டை விட்டுப் போன பிறகு அவன் எதையும் தொடவில்லை. கம்ப்யூட்டர் இல்லாமல் ஒருநாள் இருக்க முடியாதவன் மூன்று வாரமாக எதையும் தொடவில்லை.

கோகிலா மறுபடி மேலிருந்து பட்டியலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது.

"தியாகு!!"

எழுதியது ராமச்சந்திரன். தலைமுறைகளாக மலாயே பேசிவரும் மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டிப் பையன், தியாகுவோடு ஒரே பள்ளியில் படித்தவன். வீட்டில் மலாய்தான், தமிழ் நாலு வார்த்தைகூடத் தெரியாது. தியாகு போன நாளிலிருந்து ஊரெல்லாம் தேடி அலைந்தவர்களில் அவனும் ஒருவன்.

இன்னொரு பெட்டி எழும்பியது. "கௌ ஹிடுப் லாகி கே?" நீ உயிரோடுதான் இருக்கிறாயா என்கிறான். அதன் மேலேயே இன்னொன்று. "பாலிக் லா. மாக் கௌ துங்கு." வீட்டுக்குப் போடா, உன் அம்மா காத்திருக்கிறாள்.

கோகிலா ஒரு கணம் விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கியது. சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்த தியாகுவின் பெயர், அவள் உள்ளே நுழைந்ததும் ராமச்சந்திரன் வீட்டுத் திரையில் நீலமாக மாறியிருக்கிறது. வந்துவிட்டான் என்று அர்த்தம். தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தது போல ஆகிவிட்டது அவள் செய்தது.

இது நான், கோகிலா என்று அவசரமாக எழுத ஆரம்பித்தாள். பாதி எழுதுவதற்குள் சமையலறையில் அம்மாவின் போன் அடித்தது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில் விடுமுறை நாள் என்பதால் கூட்டமில்லை. பொன்னுதுரையை முகம் பார்க்க வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். தண்ணீரில் வெகுநாள் கிடந்த உடல், பார்த்தால் மனசில் அதுதான் நிற்கும் என்று அங்கிருந்த மலாய் போலீஸ் சார்ஜென்ட் தோளைத் தொட்டுச் சொன்னார். நல்ல மனுஷன். துணியைக் கால் பக்கத்தில் மட்டும் விலக்கினார்கள்.

செங் வட்டாரத்துத் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறவர் பொன்னுதுரை. பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்வார் என்று பெயர் வாங்கியவர். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊதியிருந்தது. நிறம் மாறியிருந்தது. வலது கெண்டைக்காலின் உள்பக்கத்தில், நீளவாக்கில், ஒரு பழைய தழும்பு.

மோட்டாரின் புகைக்குழாய் சுட்ட தழும்பு. பதினாறு வயதில் மோட்டார் பழகும்போது தியாகு சுட்டுக்கொண்டு வந்தான். அதே வலது கால், அதே இடம். மருந்து தேடப் பொறுமையில்லாமல் பொன்னுதுரைதான் பற்பசையை எடுத்து அப்பினார். அதனாலேயே ஆற நாளாகி, தழும்பு தடித்துப்போனது.

"பாச்சிக் கெனால்?" என்று கேட்டார் சார்ஜென்ட். தெரிகிறதா?

பொன்னுதுரை வாயைத் திறந்தார்.  பக்கத்தில் நின்ற கலியாணசுந்தரம் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

சட்டைப் பையில் போன் அடித்தது.

"ஏங்க! ஏங்க, அவன் இல்லீங்க அது!" கமலவேணியின் குரல் அந்த அறை முழுவதும் கேட்டது. "தியாகு வந்துட்டான்! கேம்ல வந்துட்டான்! ராமச்சந்திரன் பார்த்தானாம், இப்ப, இந்த நிமிஷம்! பேர் நீலமா இருக்காம்! நீங்க எதையும் ஒத்துக்காதீங்க, வந்துடுங்க!"

பொன்னுதுரை சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். கட்டிய நாளிலிருந்து அவர் அழுது கமலவேணிகூடப் பார்த்ததில்லை. அழுது முடித்துவிட்டு மறுபடி ஒருமுறை அந்தத் தழும்பைப் பார்த்தார். மலாக்காவில் மோட்டார் ஓட்டுகிற எந்தப் பையன் காலில்தான் இது இல்லை? இவ்வளவு நீளமாகவா தியாகுவுக்கு இருந்தது? இல்லை, இருக்காது.

"புக்கான்" என்றார் சார்ஜென்டிடம் மலாயில். "என் பையன் இல்லை."

உங்கள் வாயில் பஞ்சை வைத்து மாதிரி எடுத்துக்கொள்ளட்டுமா, டிஎன்ஏ பார்த்தால் சந்தேகமே இருக்காது என்று அவர் கேட்டார். தேவையில்லை என்று பொன்னுதுரை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தார். வெயிலில் கண் கூசியது. காரின் கொடிகள் இப்போது அவருக்கு அழகாகத் தெரிந்தன.

வீட்டில் கமலவேணி ஓர் இடத்தில் நிற்கவில்லை. சாமி மேடையில் விளக்கேற்றினாள். ஐஸ்பெட்டியிலிருந்து கோழியை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். போட்டுவிட்டு அழுதாள். அழுதபடியே வெங்காயம் உரித்தாள்.

"மா, கொஞ்சம் இரு. ஒண்ணு சொல்லணும்."

"நீ ஒண்ணும் சொல்லாதே. இந்த மஞ்சத்தூளை எடு."

"மா, அந்த நீலப் பேரு…"

"ஆமாண்டி, நீலமா எரிஞ்சுதாம்! அந்தப் பிள்ளைக்குக் குரலே வரல, என்கிட்ட மலாய்ல சொல்லிச் சொல்லி அழுவுறான்." கோகிலாவின் முகத்தை இரண்டு ஈரக் கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "உங்கப்பாகிட்ட நான் சொல்லிடப் போறேன். அந்த கேமை அவரே திரும்பப் போட்டுக் கொடுக்கணும். அவர் கையால. அவன் விளையாடிட்டுப் போறான், நமக்கென்ன?"

சொல்லிவிடு கோகிலா என்று நமக்குக் கத்தத் தோன்றுகிறது. கத்துவது சுலபம். மூன்று வாரமாக ஒரு பிடி சோறு முழுசாக இறங்காத அம்மா, தேங்காய்த் துருவலை வாயில் போட்டு மென்றுகொண்டு நிற்கிறாள். அந்த வாயைப் பார்த்துக்கொண்டு எந்த மகள் சொல்லுவாள்? கோகிலா மஞ்சள்தூளை எடுத்துக் கொடுத்தாள்.

கார் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினாள். பொன்னுதுரை கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் சிவந்து வீங்கியிருந்தது, ஆனால் சிரித்த முகம். கலியாணசுந்தரம் காரைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தார்.

"எங்க இருக்கானாம்? பேசினானா?"

"அப்பா, இங்கயே நில்லுங்க. உள்ள போகாதீங்க."

"ஏன்? என்ன லா?"

"அது அவன் இல்லப்பா. நான்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"அவன் கம்ப்யூட்டர்ல அதைத் திரும்பப் போட்டேன். எப்பக் கடைசியா விளையாடினான்னு பார்க்கத்தான் போட்டேன். நான் உள்ள போனதும் அவன் பேர் நீலமாயிடுச்சு. அவன்தான் வந்துட்டான்னு ராமச்சந்திரன் நினைச்சுட்டான். அம்மாகிட்ட சொல்ல வாய் வரலப்பா. ஐயோ, எனக்குச் சொல்ல வரலப்பா."

பக்கத்து வீட்டு டிவியில் கைதட்டல் கேட்டது. 

"எப்ப விளையாடியிருக்கான், கடைசியா?"

"நீங்க எடுத்த அன்னைக்குத்தான்."

"அதுக்கப்புறம்?"

கோகிலா தலையை ஆட்டினாள். இல்லை.

"கால்ல தழும்பு இருந்துச்சும்மா" என்றார் மெதுவாக. "அந்தப் புகைக்குழாய் சுட்டது."

"அது எல்லாருக்கும்தானே பா இருக்கும். ராமச்சந்திரனுக்குக்கூட இருக்கு."

"அதைத்தான் நானும் வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தேன்." கேட்டின் கம்பியை இறுகப் பிடித்தார். "போன் வரதுக்கு முந்தி அது அவன் காலாத்தான் இருந்துச்சு. போன் வந்ததும் இல்லாமப் போச்சு. நான் பார்த்துப் பார்த்து வளர்த்த கால். எனக்கே தெரியல பாரு."

"இப்ப என்னப்பா பண்றது?"

"பஞ்சுல மாதிரி எடுக்கணும்னாங்க. வேணாம்னுட்டு வந்துட்டேன். போய்க் கொடுத்துட்டு வரேன்." திரும்பி நின்று குரல் கொடுத்தார். "மச்சான், காரை எடுங்க. மறுபடி அங்க போகணும்."

 கலியாணசுந்தரம் கோகிலாவின் முகத்தைப் பார்த்தார், கார்க் கதவைத் திறந்து வைத்தார்.

அதற்குள் கமலவேணி கரண்டியும் கையுமாக வெளியே வந்துவிட்டாள். தலை சீவி, நெற்றியில் புதிதாகக் குங்குமம் வைத்திருந்தாள்.

"வந்ததும் வராததுமா எங்க கிளம்பிட்டீங்க?"

"அங்க ஒரு சின்ன வேலை பாக்கி, வேணி. முடிச்சுட்டு வந்துடறேன்."

"இன்னும் என்ன வேலை? அதான் நம்ம பிள்ளை இல்லேன்னு ஆயிடுச்சே."

 பொன்னுதுரை காரில் போய் ஏறினார். கமலவேணி ஏதோ நினைத்துக்கொண்டு கூடவே வந்தாள். ஜன்னலில் கையை வைத்தாள்.

"ஏங்க, அந்தப் பிள்ளையைத் தேடி வேற யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல."

"ஐயோ பாவமே." அவள் கண் கலங்கிற்று. "யார் பெத்த பிள்ளையோ. அவ எங்க உக்காந்து வாசலைப் பார்த்துட்டிருக்காளோ. இத பாருங்க, போற வழியில ஒரு மாலை வாங்கிக்குங்க. நல்ல மாலையா வாங்குங்க, அண்ணே, நீயும் பார்த்து வாங்கு. நம்ம பிள்ளை கிடைச்ச அன்னைக்கு அந்தப் பிள்ளை அநாதையாக் கிடக்கக் கூடாது. உங்க கையாலயே போட்டுட்டு வாங்க."

பொன்னுதுரை அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சரி" என்றார்.

கார் முனை திரும்பும்வரை கமலவேணி கேட்டில் நின்று பார்த்தாள். பிறகு, கோழி அடிப்பிடித்துவிடுமே என்று உள்ளே ஓடினாள்.